எங்கடை நாட்டுக்கு உது தேவையில்லை

அவருடைய கராச்சில் ஒரு வாகனத்துக்கு எதையாவது புதிதாகப் பூட்டி நான் பார்த்ததில்லை. கழற்றித்தான் பார்த்திருக்கிறேன். என்னுடைய பிக்கப் என்ன கோளாறோடு அங்கே போனாலும் திரும்பி வரும்போது அதில் ஒரு பொருள் குறைந்திருக்கும். கழற்றிய பொருளைப் பழைய சாரத் துண்டால் துடைத்து என் கையில் தருவார்.

"இந்தாரும், கொண்டுபோய் வையும். எங்கடை நாட்டுக்கு உது தேவையில்லை."

தேவையில்லாத பொருளை நான் ஏன் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று கேட்டால், "உம்மடை சாமான்தானே" என்பார். அதோடு அந்தக் கதை முடிந்துவிடும்.

சண்டிலிப்பாயில் பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில் அந்தக் கராச் இருந்தது. நான்கு தூண்கள், தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த மண் தரை. பெயர்ப்பலகை கிடையாது. ஒருகாலத்தில் இருந்ததாம். காற்றுக்கு ஆடிச் சத்தம் போடுகிறது என்று அதையும் கழற்றிவிட்டார். அவர் ஏறி வரும் சைக்கிளுக்கு மட்காட் இல்லை, செயின் மூடி இல்லை, ஸ்ராண்ட் இல்லை, மணியும் இல்லை. மணி எங்கே என்று ஒருநாள் கேட்டேன்.

"வாய் இருக்குத்தானே, பிள்ளை."

மழை நாளில் அந்தச் சைக்கிளில் வந்து இறங்கினால் முதுகின் நடுவே சேற்றுக் கோடு ஒன்று கழுத்துவரை போயிருக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. முதுகைப் பார்ப்பது அவருக்குப் பின்னால் நிற்பவர்களுடைய வேலை. தேநீருக்குப் பாலும் போடமாட்டார், சீனியும் போடமாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கக் காம்பு மட்டும்தான். மற்றது உடைந்ததா, அவரே கழற்றினாரா என்று தெரியாது. கேட்டால் என்ன சொல்வார் என்பது தெரிந்திருந்ததால் நான் கேட்கவில்லை.

நான் அவரிடம் போனது பாலினால். பண்டத்தரிப்பைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடு வளர்க்கும் பெண்களிடம் காலையில் பால் எடுத்து, ஆனைக்கோட்டைக்கு அப்பால் இருந்த குளிரூட்டும் நிலையத்தில் சேர்ப்பது என் வேலை. அந்தப் பெண்களில் பெரும்பாலானோருக்கு ஒரு மாடு, கூடினால் இரண்டு. பால் யாருக்காகவும் காத்திருக்காது. வெயில் ஏறுவதற்கு முன் நிலையத்துக்குப் போகாவிட்டால் அங்கே சோதிக்கும்போது திரண்டுவிடும். திரண்ட பாலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்று எல்லா வீட்டுப் பாலும் ஒன்றாகப் போய்விடும். இரண்டு மூன்று தடவை அப்படி நடந்தால் பெண்கள் மாட்டை விற்கத் தொடங்குவார்கள். விற்ற மாட்டைத் திரும்ப வாங்கிய வீடு எதையும் நான் அறியவில்லை.

இவ்வளவும் ஒரு பழைய பிக்கப்பின் எஞ்சினில் தங்கியிருந்தது. வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த வருடங்கள் அவை. இன்னொன்று வாங்குவது என்பது பேச்சுக்கே இல்லை. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். நான் காப்பாற்ற நினைத்தேன். அவர் கழற்ற நினைத்தார். எங்கள் இருவருக்கும் இடையில் நடந்ததெல்லாம் இதுதான்.

முதல் தடவை போனது சூடு ஏறியதால். மானிப்பாய்ச் சந்தியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி இறங்கும். எல்லா நாளும் இல்லை. சில நாட்களில் மட்டும். எனக்கு எதையும் ஒழுங்காக எழுதிவைக்கும் பழக்கம். எந்த நாள், எவ்வளவு தூரம் ஓடிய பிறகு, எத்தனை பால் கான் ஏற்றியிருந்தேன், முள் எங்கே நின்றது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கினார். எஞ்சின் மூடியைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்தெடுத்தார். என் தாளால் அதைத் துடைத்தார்.

"அண்ணை, அதிலைதான் எல்லாம் எழுதியிருக்கு."

"வாகனம் இஞ்சை நிக்குது, பிள்ளை. பிறகென்னத்துக்குக் கடதாசி?"

குனிந்து எஞ்சினுக்குக் காது கொடுத்தார். பிறகு எஞ்சினின் முன்பக்கத்தில் தண்ணீர்க் குழாய் சேரும் இடத்தைத் திறந்து ஒரு சிறிய பித்தளைத் துண்டை வெளியே எடுத்தார். அதற்குப் பெயர் தெர்மோஸ்ரற். எஞ்சின் வேண்டிய அளவு சூடாகும்வரை தண்ணீரை மறித்து வைத்திருந்து, பிறகு திறந்துவிடுவது அதன் வேலை. அது இறுகிப்போயிருந்தது. புதிதாக ஒன்று போட வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன்.

"பனி பெய்யிற நாட்டிலை எஞ்சின் சூடாகாது. அதுக்குத் தண்ணியை மறிக்கிறான். இஞ்சை வெயில் சும்மா கிடைக்குது. எங்கடை நாட்டுக்கு உது தேவையில்லை."

வெறும் குழாயைத் திருப்பிப் பூட்டிவிட்டார். நான் நின்ற நிலையிலேயே வேலை முடிந்தது. அடுத்த நாள் காலை முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. பெண்களிடம் அவரைப் புகழ்ந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சில மாதங்களில் இழுவை குறைந்தது. கான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் வாகனம் யோசித்து யோசித்துப் போயிற்று. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. மறுபடி அங்கே போனேன். அன்று எனக்கு முன்னால் இரண்டு பிக்கப்புகள் நின்றன. ஒன்று கொடிகாமத்திலிருந்து தேங்காய் கொண்டுவரும் வியாபாரியுடையது. மற்றது குருநகரில் மீன் எடுத்து விற்கும் ஓர் இளைஞனுடையது. இருவரும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து தங்கள் எஞ்சின்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிக்கப் வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடினால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையாகப் பேசுவதில்லை.

"என்ரை காலமையிலை ஸ்ராட்டே எடுக்குதில்லை, அண்ணை," என்றான் மீன்காரன். "அது உறுமி எழும்பிறதுக்குள்ளை பெட்டியிலை கிடக்கிற மீன் எழும்பி நீந்தத் தொடங்கிடும்."

"உன்ரை பரவாயில்லை. என்ரை கறுத்தப் புகை," என்றார் தேங்காய் வியாபாரி. "எனக்குப் பின்னாலை வாற மோட்டச்சைக்கிள்காரன் வெள்ளைச் சேட்டோடை வெளிக்கிட்டுக் கறுத்தச் சேட்டோடை கந்தோர் வேலைக்குப் போறான்."

"எனக்கு இழுவை இல்லை," என்றேன். "டீசலும் கூடக் குடிக்குது."

கராச்காரர் மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் குழாய் ஒன்று இந்த டீசல் பிக்கப்புகளில் இருக்கிறது. வெளியே போகும் புகை குறைய வேண்டும் என்பதற்காக வைத்தது. அதைக் கழற்றி, ஓட்டையைத் தகரத் துண்டால் அடைத்துவிட வேண்டும்.

"கக்கினதைத் திருப்பித் தின்னுற வாகனம் எங்கை உருப்படும்?"

"மாதாவே! அதோடை எத்தினை சாமான் போயிட்டுது, அண்ணை?" என்றான் மீன்காரன்.

"போனது போகட்டும். ஓடுதோ இல்லையோ?"

"ஓடுது, ஓடுது," என்றார் தேங்காய் வியாபாரி. "கடைசியிலை ஸ்ரேறிங்கை மட்டும் கழட்டாமல் விடுங்கோ. பிடிச்சுக்கொண்டு இருக்க ஏதாலும் ஒண்டு வேணும்."

எல்லோரும் சிரித்தோம். என்னுடையதற்கும் தகரம் அடித்தார். இழுவை திரும்பி வந்தது. மஞ்சள் விளக்கு அணையவில்லை. "அது பழக்கத்திலை எரியுது," என்றார். இன்னொரு முறை டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று எச்சரிக்கும் சென்சரின் வயரை வெட்டிவிட்டார். நான் கோபப்பட்டேன். "உது சொல்லி நீர் என்ன செய்யப் போறீர்? டீசலைத் திருப்பிக் குடுத்துக் காசை வாங்கப் போறீரோ?" என்று கேட்டார். வெட்டிய வயர்த் துண்டைத் துடைத்து என் கையில் வைத்தது எனக்கு மேலும் கோபத்தைத் தந்தது.

பிறகு ஏன் அவரிடமே போனேன் என்று கேட்பார்கள். ஒருமுறை வேறிடம் போனேன். நகரத்தில் கணினி பூட்டிப் பார்க்கும் ஒரு கராச் இருந்தது. அங்கிருந்தவர் முப்பது வயதுக்குட்பட்ட, சுத்தமாக உடுத்திய, பொறுமையான மனிதர். என் தாளை முழுவதும் வாசித்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. பிறகு மூடியைத் திறந்தார். கைவிளக்கை உள்ளே பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"அக்கா, உந்த எஞ்சினிலை மிச்சம் என்ன இருக்கு?"

எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டலாம் என்றார். பொருட்கள் கொழும்பிலிருந்து வர வேண்டும். வாகனத்தை ஒரு கிழமையாவது விட வேண்டும். பொருள் கிடைக்காவிட்டால் அதற்கு மேலும் ஆகும்.

"ஒரு கிழமை விடேலாது, தம்பி. மாடு ஒரு கிழமை லீவு தராது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் நிலைமை அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. சரியாகச் செய்பவருக்கு ஒரு கிழமை வேண்டும். கழற்றிவிடுபவருக்கு ஒரு தேநீர் ஆறும் நேரம் போதும். காலையில் பால் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் சண்டிலிப்பாயில் நிறுத்தினால், மறுநாள் காலை பாலுக்கு வாகனம் தயார். ஒவ்வொரு நாளும் வருகிற வேலைதான் என்னை அந்த மனிதரிடம் திருப்பித் திருப்பி அனுப்பியது.

அவர் ஏன் இப்படி இருந்தார் என்பதைத் தேங்காய் வியாபாரிதான் சொன்னார். நான் டீசல் செலவைப் பற்றிச் சத்தம் போட்ட ஒருநாள். கராச்காரர் சாவி எடுக்கிற சாட்டில் வீட்டுப் பக்கம் போய்விட்டார்.

"அவரிலை கோவிக்காதேங்கோ, அக்கா. சண்டையாலை ஊரே இடம்பெயர்ந்த நேரம் உவற்றை லொறியிலைதான் நாங்கள் நாவற்குழிப் பாலம் தாண்டினது. நான் அப்ப சின்னப் பெடியன். அம்மான்ரை மடியிலை இருந்தனான்."

அந்த நாட்களில் குடாநாட்டில் டீசலும் இல்லை, உதிரிப்பாகங்களும் இல்லை. மண்ணெண்ணெய்க்குள் தேங்காயெண்ணெய் கலந்து வாகனம் ஓட்டினார்கள். பழுதான பொருளுக்கு மாற்றுப் பொருள் கிடையாது. அது இல்லாமல் ஓடுகிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. ஓடினால் அந்தப் பொருள் தேவையில்லை. அவர் தொழில் படித்தது அப்படித்தான். அந்த லொறியில் நிற்க இடமில்லாமல் ஆட்கள். மழை. வீதி முழுக்கச் சனம். றேடியேற்றர் வெடித்துத் தண்ணீர் போய்விட்டது.

"ஆக்கள் நிப்பாட்டச் சொல்லிக் குளறினவை. எரியப்போகுதெண்டு பயம். உவர் நிப்பாட்டேல்லை. நிப்பாட்டினா அந்தச் சனத்துக்குள்ளை திரும்ப எடுக்கேலாது எண்டு அவருக்குத் தெரியும். பாலம் தாண்டி, எங்களை இறக்கிவிட்டாப் பிறகுதான் எஞ்சின் இறுகி நிண்டது."

சாவியோடு அவர் திரும்பி வந்தார். "உவன் என்ன அளக்கிறான்?"

"லொறி பிறகு என்னாச்சு, அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் அந்தக் கேள்வியை விளங்காதவர்போல என்னைப் பார்த்தார்.

"ஆக்கள் இறங்கிட்டினம். பிறகு லொறி என்னத்துக்கு?"

நானும் அந்தப் பாலத்தைக் கடந்தவள். நடந்து கடந்தேன். ஆகவே அவர் சொன்னது எனக்கு விளங்காமலில்லை. ஒரே ஒரு பயணத்துக்கு எஞ்சினைக் கொடுத்துவிடலாம். அந்த லொறிக்குள் இருந்தவர்களில் ஒருவர் தேங்காய் வியாபாரியாகி என் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆனால் நான் ஓட்டியது அந்தப் பயணம் அல்ல. என்னுடையது நாளைக்கும் உண்டு, நாளன்றைக்கும் உண்டு. இதை அவருக்கு விளங்கப்படுத்தப் பலமுறை முயன்றேன். "ஓம், ஓம்" என்பார். "ஓம்" என்று சொல்லும்போது அவருடைய கை எதையாவது கழற்றிக்கொண்டிருக்கும்.

கடைசியில் எண்ணெய் விளக்கு வந்தது.

மஞ்சள் விளக்கோடு வாழப் பழகியிருந்தேன். இது சிவப்பு. எண்ணெய்க் குடம் போன்ற படம். எஞ்சினுக்குள் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிவது. சந்திகளில் வாகனத்தை நிறுத்திவைத்திருக்கும்போது லேசாகத் துடித்தது. அக்சிலேற்றரை மிதித்தால் அணைந்தது. அன்றே சண்டிலிப்பாய்க்குப் போனேன். அவர் கம்பியை இழுத்துப் பார்த்தார். இந்த முறை நான் தாள் கொண்டுபோகவில்லை. உடுத்தியிருந்த சாரத்தில் துடைத்தார்.

"எண்ணெய் சரியா இருக்கு. உது பொய் சொல்லுது."

"பொய்யெண்டு எப்பிடித் தெரியும், அண்ணை?"

"எண்ணெய் இருக்குப் பாரும்! பிறகென்ன விளக்கு? நீர் போய்த் தேத்தண்ணியைக் குடியும்."

எதிர்க் கடையில் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். "சரி, கொண்டு போம்," என்றார். வழியில் எந்தச் சந்தியிலும் விளக்குத் துடிக்கவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் மறுநாள் காலைவரை. சாவியைத் திருப்பினால், எஞ்சின் உறுமுவதற்கு முன் எல்லா விளக்குகளும் ஒருகணம் எரிந்து காட்ட வேண்டும். எல்லாம் எரிந்தன. எண்ணெய் விளக்கு மட்டும் எரியவில்லை.

பாலை இறக்கிவிட்டு நேரே அங்கே போனேன்.

"விளக்கைக் கழட்டினீங்களோ?"

"பல்ப்பைத்தான்."

"என்னட்டைச் சொல்லேல்லையே! கழட்டினதைத் தரவும் இல்லை."

"தந்தா நீர் திருப்பிப் பூட்டுவீர்."

அதுவரை அவர் கழற்றிய ஒவ்வொரு பொருளையும் என் கையில் தந்தவர். இதை மட்டும் ஒளித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவரோ எனக்கு நல்லதைச் செய்துவிட்டு நன்றி கிடைக்காதவர்போல ஆறுதலாகச் சொன்னார்:

"இஞ்சை பாரும், பிள்ளை. சிவப்பு எரிஞ்சா நீர் நிப்பாட்டுவீர். நடு றோட்டிலை நிப்பாட்டினாப் பால் திரளும். எரியாட்டில் நீர் பாட்டுக்கு ஓடுவீர்."

"எஞ்சின் போனால்?"

"எஞ்சின் ஆருக்கு? பாலுக்குத்தானே?"

"எனக்கு அந்தப் பல்ப் வேணும், அண்ணை."

"சரி, சரி. நாளைக்கு வாரும். பூட்டிவிடுறன்."

மறுநாள் போனேன். அவர் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தார். அதற்கு அடுத்த நாள் பால் எடுத்துக்கொண்டு வரும்போது, மானிப்பாய் தாண்டியதும், எஞ்சினுக்குள் யாரோ சிறிய சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. கண்ணாடியை ஏற்றினேன், சத்தம் உள்ளேதான். வேகத்தைக் குறைத்தால் குறைந்தது. விளக்கு எரிந்திருந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டியிருப்பேன். விளக்கைப் பார்த்து முடிவெடுக்கத் தெரியும். சத்தத்தை வைத்து முடிவெடுக்க எனக்குத் தெரியாது. பின்னால் கான்கள் நிறைய இருந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போனேன். ஆனைக்கோட்டையில் சுத்தியல் பெரிதாகிவிட்டது. கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிலையத்தின் கேற்றுக்குள் முன் சக்கரங்கள் நுழைந்ததும் உள்ளே எதுவோ கடித்துப் பிடித்ததுபோல ஓர் இழுப்பு. எஞ்சின் நின்றது. சாவியைத் திருப்பினேன். டிக் என்ற ஒரு சத்தம் மட்டும்.

நிலையத்து ஆட்கள் கான்களைக் கையால் தூக்கிக்கொண்டு போனார்கள். பால் சோதிக்கும் பெண் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் நல்ல பால். எடுத்துக்கொண்டார்கள்.

கராச்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மீன்காரனுடைய பிக்கப்பில் ஏறி வந்தார். இரும்புக் குழாய் ஒன்றை முன்பக்கத்துப் பெரிய நட்டில் மாட்டி, தன் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கினார். அசையவில்லை. மீன்காரனும் பிடித்தான். அசையவில்லை. குழாயைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பால் எடுத்தவையோ?"

"எடுத்தவை."

"ஒண்டும் திரளேல்லையோ?"

"இல்லை."

அவர் முகம் மலர்ந்தது. உண்மையிலேயே மலர்ந்தது. ஒற்றைக் காம்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பிறகென்ன, பிள்ளை!" என்றார்.

இத்தனை காலமும் அடக்கிவைத்தது அந்தக் கேற்றடியில் வெளியே வந்தது. பால் சோதிக்கும் பெண் வாசலுக்கு வந்து பார்த்தாள். என்ன சொன்னேன் என்பது எல்லாம் நினைவில்லை. கடைசியாகக் கேட்டது நினைவிருக்கிறது.

"நாளைக்கு ஆர் அண்ணை பால் கொண்டுவாறது? நாளைக்கு? மாடு நாளைக்கும் கறக்கும்! அந்த மனிசியள் கானோடை வந்து றோட்டிலை நிப்பினம். ஆர் வாறது?"

அவர் பிக்கப்பைப் பார்த்தார். சாரத்தின் நுனியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்த விரலைத் திரும்பவும் துடைத்தார். பிறகு மீன்காரனிடம், "வா, போவம்," என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை வாகனம் தேடி அலைந்தேன். லொறி வைத்திருந்தவர்களுக்குச் சந்தை வேலை. வான் வைத்திருந்தவர்களுக்குப் பால் வாசனை பிடிக்காது. காலையில் நான் சைக்கிளில் முதலாவது வீட்டுக்குப் போய், இன்று வாகனம் இல்லை என்று சொல்வதற்காக நின்றேன். அந்த வீட்டுப் பெண் கறந்த பாலைக் கானுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். சொல்லத் தொடங்கும்போது வீதியில் ஒரு சத்தம் வந்தது. இரும்புக் கடை ஒன்று ஓடி வருவதுபோல.

அது ஒரு பிக்கப்தான். ஓட்டி வந்தவர் கராச்காரர். அவருக்குச் சொந்தமாக வாகனம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் தறப்பாளின் கீழ் கிடந்ததாம். எஞ்சினுக்கு மூடி இல்லை. ஒரு பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார். முன் பலகையில் முள்ளும் விளக்கும் இருக்க வேண்டிய இடங்களில் வட்ட வட்டமாக ஓட்டைகள்.

"ஏறும்," என்றார். "நிப்பாட்டேலாது. நிப்பாட்டினாத் திரும்ப எடுக்காது."

எஞ்சினை அணைக்காமல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அக்சிலேற்றரை மிதித்தபடி இருந்தார். நான் இறங்கிக் கான்களை ஏற்றினேன். சில வீடுகளில் பெண்களே ஏற்றினார்கள். அந்த வாகனத்தைப் பார்த்துச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "அண்ணை, இதிலையோ பால் கொண்டுபோறது?" என்று ஒருத்தி கேட்டாள். "பாலுக்குத் தெரியாது, பிள்ளை," என்றார். பால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

என் எஞ்சினைக் கணினிக் கராச்காரர் பிரித்தார். அடித் தட்டில் கறுத்த தொதல் இனிப்பைப்போல ஒட்டும் படிவு நிறைந்திருந்தது. எண்ணெயை உறிஞ்சும் வாயில் அது அடைத்துவிட்டது. தெர்மோஸ்ரற் இல்லாததால் எஞ்சின் வேண்டிய அளவு சூடாகாமலே இவ்வளவு காலமும் ஓடியிருக்கிறது. அப்படி ஓடினால் எண்ணெய் இப்படித்தான் இறுகும். அடைத்த வாயால் எண்ணெய் மேலே போகவில்லை. அதைத்தான் அந்தச் சிவப்பு விளக்குச் சொன்னது. பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலை, கயிற்றால் கட்டிய கதவின் பக்கத்தில் இருந்துகொண்டு, இதை முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காக அவருக்குச் சொன்னேன். என்னை ஒருமுறையும் இடைமறிக்கவில்லை. அவர் என்னை முழுவதும் பேசவிட்டது அதுதான் முதல் தடவை. மானிப்பாய் தாண்டும்வரை வீதியையே பார்த்து ஓட்டினார்.

"அவன் சொல்லுறது சரியா இருக்கும்," என்றார் பிறகு.

நான் இன்னும் ஏதாவது சொல்வார் என்று பார்த்திருந்தேன். அவர் அக்சிலேற்றரை மிதித்தார்.

எஞ்சின் வேலை ஒரு கிழமையில் முடியவில்லை. பொருட்கள் வரத் தாமதித்தன. ஒவ்வொரு நாளும் நிலையத்தில் கான்களை இறக்கியபின், அக்சிலேற்றரை மிதித்தபடி எனக்காகக் காத்திருக்கும் அவரிடம் நான் கேட்பேன்:

"அண்ணை, நாளைக்கும் வருவியளோ? நான் பெண்டுகளுக்குச் சொல்ல வேணும்."

"இண்டைக்கு வந்தாச்சுத்தானே," என்பார்.

"நான் நாளைக்கைக் கேக்கிறன்."

"ஏறும், பிள்ளை. நிண்டிடப் போகுது."

அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. பெண்களிடம் ஓம் என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல் வீடு திரும்புவேன். காலையில் கானோடு நிற்கும் அவர்களோடு நானும் வீதியைப் பார்த்தபடி எரிச்சலோடு நிற்பேன், அந்த இரும்புச் சத்தம் வளைவில் கேட்கும்வரை. என்னுடைய பிக்கப் திரும்பி வந்த நாள்வரை அவர் ஒரு நாளும் தவறாமல் வந்தார். ஒரு நாளும் வருவேன் என்று சொல்லவில்லை.